எபிரேயத்தில் பணத்துக்குப் பெயர் ‘கெசெஃப்’: அதன் வேர் ஏக்கமா, வெள்ளியா?

ஒரு பிரசங்கத்தில் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். எபிரேயத்தில் பணத்துக்கான சொல் ‘கெசெஃப்’, அதன் வேருக்கு ‘ஏங்குதல்’ என்று பொருள், ஆகவே பணம் என்பது தீராத ஏக்கம் என்று எபிரேயர் அன்றே அறிந்து பெயர் வைத்தார்கள் என்று போதகர் சொன்னாராம். இது உண்மையா, உங்கள் வேதபாட வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, இயேசு சொன்ன ‘மாமோன்’ என்பதும் இதுவும் ஒன்றா, அது ஒரு பேயின் பெயரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு சொல்லின் வேரைத் தோண்டினால், அதைப் பேசியவர்களின் மனம் தெரிந்துவிடுமா? இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்தப் பிரசங்கக் குறிப்பு எனக்குப் பழக்கமானதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். கெசெஃப் என்றால் வெள்ளி. பூமியிலிருந்து எடுத்து, உருக்கி, புடமிடும் அந்த உலோகம். எபிரேய வேதாகமத்தில் இந்தச் சொல் ஏறத்தாழ நானூறு இடங்களில் வருகிறது. சில இடங்களில் அது உலோகம் மட்டுமே, சில இடங்களில் பணம், பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியாது. ஆதியாகமம் 44:2ஐ எடுத்துப் பாருங்கள். யோசேப்பு தன் வீட்டு விசாரணைக்காரனிடம், இளையவனுடைய சாக்கின் வாயில் தன் வெள்ளிப் பாத்திரத்தையும் அவன் தானியத்துக்குக் கொடுத்த பணத்தையும் போடச் சொல்கிறான். தமிழில் ‘வெள்ளி’, ‘பணம்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் கெசெஃப்தான். முதல் கெசெஃப் பாத்திரம் செய்த உலோகம், இரண்டாவது கெசெஃப் தானியத்தின் விலை. அந்த வசனத்தை எபிரேயத்தில் கேட்டவனுக்கு இது சிலேடையாகத் தோன்றியிருக்காது. அவனுக்கு இரண்டும் ஒரே பொருள்தான்.

ஏன் ஒரே பொருள் என்றால், முற்பிதாக்களின் கதைகள் காட்டும் உலகத்தில் நாணயமே கிடையாது. அச்சடித்த நாணயம் கிமு 7ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த லிதியாவில் தோன்றுகிறது. யூதேயாவில், அந்நாட்டின் அன்றைய பெயரான ‘யெஹூத்’ என்பதைப் பொறித்த குட்டி வெள்ளிக் காசுகள் பாரசீக ஆட்சியின் பிற்பகுதியில், கிமு 4ஆம் நூற்றாண்டில், வருகின்றன. அதற்கு முன்பெல்லாம் பணம் என்றால் எடை போட்ட வெள்ளி. உடைந்த வளையல், வெட்டிய கம்பி, நறுக்கிய கட்டி, எதுவானாலும் தராசில் ஏறும், எதிர்த்தட்டில் கல் வைப்பார்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் யோசேப்பு இருபது ‘வெள்ளிக்காசுக்கு’ விற்கப்பட்டதாகச் சொல்வதால் நம் கண்ணுக்கு வட்டக் காசுகள் தெரிகின்றன. மூலத்தில் ‘இருபது கெசெஃப்’ என்று மட்டுமே இருக்கிறது. இருபது சேக்கல் எடையுள்ள வெள்ளி என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. யூதாஸ் வாங்கிய முப்பதுக்கு ‘வெள்ளிக்காசு’ என்பது பொருத்தமான சொல், அவன் காலத்தில் நாணயம் இருந்தது. யோசேப்புக்கு அது பொருந்தாது.

சேக்கல் என்ற சொல்லே எடையின் பெயர். ‘ஷாக்கல்’ என்றால் நிறுத்தான். ஆபிரகாம் மக்பேலா குகைக்காக எப்பெரோனுக்கு நானூறு சேக்கல் வெள்ளி கொடுக்கும் இடத்தில் (ஆதியாகமம் 23:16) வரும் வினை இதுதான்: வெள்ளியை நிறுத்துக்கொடுத்தான். எரேமியா 32இல் தீர்க்கதரிசி ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்கும்போதும், பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, பணத்தைத் தராசில் நிறுக்கிறார். யோசேப்பின் சகோதரர்கள் சாக்கில் கண்ட பணத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது, அது நிறை குறையாமல் இருந்தது என்கிறார்கள். எண்ணிக்கை குறையவில்லை என்று சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் ஆமோஸ் 8:5 வேறு மாதிரிக் கேட்கும். மரக்காலைக் குறைத்து, சேக்கலைப் பெரிதாக்கி, கள்ளத்தராசால் ஏமாற்றுகிறவர்களை அவர் திட்டுகிறார். சேக்கலைப் பெரிதாக்குவது என்றால் விலையை உயர்த்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்வது எடைக்கல்லை. வியாபாரியின் சேக்கல் கல் கொஞ்சம் கனமாக இருந்தால், வாங்க வந்த ஏழை அதே ‘ஒரு சேக்கலுக்கு’ அதிக வெள்ளி வைக்க வேண்டும். தானியம் அளக்கும் மரக்காலோ சிறியது. ஆக, கொடுப்பதிலும் எடுப்பதிலும் ஒரே நேரத்தில் திருட்டு.

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி இருக்கிறது. யூதா நாட்டின் சேக்கல் எடைக்கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அடி தட்டையாக, மேல் வளைவாக, சுண்ணாம்புக்கல்லில் செய்தவை. ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். எப்ரோனுக்குத் தெற்கே எஸ்தெமோவாவில் 1968இல் ஐந்து மண்குடுவைகள் நிறைய வெள்ளி கிடைத்தது, மொத்தம் 25 கிலோவுக்கு மேல். அவற்றில் சிலவற்றின் மேல் ‘ஐந்து’ என்று எபிரேயத்தில் எழுதியிருந்தது. கடலோரத்து தோர் நகரில் கிடைத்த வெள்ளியைத் துணி முடிச்சுகளாகக் கட்டி, களிமண் முத்திரை வைத்திருந்தார்கள். ஆதியாகமம் 42:35இல் சகோதரர்கள் சாக்கைக் கொட்டும்போது அவரவர் ‘பணமுடிப்பு’ இருந்ததாக வருகிறதே, அந்த முடிப்பு இதுதான். இந்தப் பகுதியில் கிடைத்த வெள்ளிப் புதையல்களில் பழையவை சிலவற்றில் வெள்ளியோடு செம்பைக் கலந்து, நிறம் தெரியாமலிருக்க ஆர்செனிக்கும் சேர்த்திருக்கிறார்கள் என்று வேதியியல் ஆய்வு காட்டுகிறது. ‘உன் வெள்ளி களிம்பாயிற்று’ என்று ஏசாயா சொல்லும்போது, கேட்டவர்களுக்கு அது கையில் பட்ட அனுபவமாக இருந்திருக்கும்.

இனி வேருக்கு வருவோம். போதகர் சொன்னதில் பாதி சரி. எபிரேயச் சொற்களுக்கு வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள்தான்; கெசெஃபுக்கு அவை க்-ஸ்-ப். அதே மூன்று மெய்களில் ஒரு வினைச்சொல் உண்டு, அதற்கு ஏங்குதல் என்ற பொருளும் உண்டு. அது மொத்தம் ஐந்து வசனங்களில் வருகிறது. லாபான் யாக்கோபிடம், உன் தகப்பன் வீட்டின்மேல் உனக்கு அவ்வளவு வாஞ்சையா என்று கேட்கும் ஆதியாகமம் 31:30. பீறுவதற்கு ஆவலாயிருக்கும் சிங்கத்தைப் பற்றிய சங்கீதம் 17:12. கர்த்தருடைய ஆலயப் பிராகாரங்கள்மேல் ஆத்துமா வாஞ்சையாயிருக்கிறது என்னும் சங்கீதம் 84:2. தேவன் தம் கைகளின் கிரியையின்மேல் விருப்பம் வைப்பார் என்று யோபு நம்பும் 14:15. கடைசியாக செப்பனியா 2:1. ஐந்தையும் திறந்து வாசித்துப் பாருங்கள். ஒன்றில்கூடப் பணம் இல்லை. வீடு, இரை, ஆலயம், படைப்பு, ஒரு ஜாதி, இவ்வளவுதான்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். பண ஆசையைப் பற்றி வேதாகமம் நேரடியாகப் பேசும் பெரிய வசனம் பிரசங்கி 5:10, பணப்பிரியன் பணத்தினால் திருப்தியடைவதில்லை என்பது. அங்கே கெசெஃப் என்ற சொல் இரண்டு முறை வருகிறது. சொல்விளையாட்டு எபிரேயப் புலவர்களுக்குக் கைவந்த கலை. கெசெஃப் என்றாலே ஏக்கம் அவர்கள் காதில் ஒலித்திருந்தால், அந்த வினையை இந்த வசனத்தில் வைத்துக் கோர்க்காமல் விட்டிருப்பார்களா? ஆசிரியர் பயன்படுத்துவது ‘நேசித்தல்’ என்ற சாதாரண வினை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சிலேடையை அவர் தொடவே இல்லை. என்னைப் பொறுத்தவரை இதுவே பிரசங்கக் குறிப்புக்கு எதிரான பெரிய சான்று.

அடுத்தது காலக்கணக்கு. வெள்ளிக்கான இந்தச் சொல் எபிரேயத்தில் பிறந்ததில்லை. பாபிலோனிலும் அசீரியாவிலும் பேசிய அக்காதியத்தில் அது ‘கஸ்பு’, சிரியக் கடற்கரையின் உகரித்திலும் பினீசியத்திலும் அதே மூன்று மெய்கள், அரமேயத்தில் ‘கஸ்பா’. அக்காதிய ஏடுகளில் அது மோசேக்கும் தாவீதுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. கிமு 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தில், சாமானியன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தவன் ஒரு மினா (அது ஓர் எடை அளவு) வெள்ளியை நிறுத்துத் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ‘நிறுத்துத் தருவான்’ என்பதற்கு அங்கே உள்ள சொல் ‘இஷக்கல்’. ஆபிரகாம் எப்பெரோனுக்கு நிறுத்ததும் அதே கஸ்பு, அதே ஷக்கல். அக்காதியத்தை நான் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறவன்தான், ஆனால் இந்த ஒற்றுமையைக் காண அதுவே போதும். எபிரேயர்கள் பணத்தைப் பற்றி யோசித்து இந்தப் பெயரை வைக்கவில்லை. தங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பக்கத்துச் சந்தைகளில் எல்லாம் புழங்கிய பெயரைத் தங்கள் நாவில் பெற்றார்கள்.

சரி, அந்தப் பழைய சொல்லுக்கு அடிப்படை என்ன? இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. ஒரு சாரார் அக்காதியத்தில் ‘உடைத்தல், துண்டு பெயர்த்தல்’ என்னும் பொருளுள்ள ‘கஸாபு’ என்ற வினையைக் காட்டுகிறார்கள். வெட்டிய வெள்ளித் துண்டுகள் பணமாகப் புழங்கியதோடு இது அழகாகப் பொருந்துகிறது. அரபியில் துண்டுகளைக் குறிக்கும் ‘கிஸஃப்’ என்ற சொல்லும் குர்ஆனில் இருக்கிறது. இன்னொரு சாரார் ‘வெளிறுதல்’ என்ற பொருளைப் பிடிக்கிறார்கள். யூத அரமேயத்தில் இதே மெய்கள் வெட்கத்தைக் குறிக்கும், வெட்கப்பட்டவன் முகம் வெளுக்கும், வெள்ளியும் வெளுத்த உலோகம். இந்த இரண்டில் நிறத்தின் வழி எனக்குக் கொஞ்சம் இயல்பாகப் படுகிறது, ஏனெனில் அக்கம்பக்கத்து மொழிகள் வெள்ளிக்கு நிறத்தை வைத்தே பெயர் வைத்திருக்கின்றன. சுமேரியர்கள் அதை ஒளிரும் வெண்மையான உலோகம் என்றே எழுதினார்கள். எகிப்தியர்களிடம் வெள்ளை என்ற சொல்லே வெள்ளிக்கும் பெயர். ஆனால் இது ஒரு சாய்வு, அவ்வளவே. இரண்டு கருத்தையும் நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் யாரிடமும் இல்லை, நல்ல அகராதிகள் இந்த இடத்தில் கேள்விக்குறி போட்டே நகர்கின்றன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. க்-ஸ்-ப் என்ற மெய்களோடு வெள்ளி, ஏக்கம், வெட்கம், துண்டு என்று பல பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போதகர் ஏக்கத்தை எடுத்தார். இன்னொருவர் வெட்கத்தை எடுத்து, பணம் என்றாலே அவமானம் என்று எபிரேயர் கருதினார்கள் என்று அதே உறுதியோடு பிரசங்கிக்கலாம். எந்த முடிவு வேண்டுமானாலும் வரும் ஒரு முறையை ஆதாரமாக வைக்க முடியாது.

தமிழிலேயே இதற்கு ஒரு நேர் உதாரணம் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் ரிங்கிட்டையும் டாலரையும் ‘வெள்ளி’ என்கிறார்கள். பத்து வெள்ளி கொடு, சம்பளம் எத்தனை வெள்ளி என்பது அங்கே அன்றாடப் பேச்சு. வெள்ளிக் காசு புழங்கிய காலத்தில் உலோகத்தின் பெயர் பணத்துக்கு ஏறி, பிறகு தாள் வந்தும், அட்டை வந்தும் தங்கிவிட்டது. கெசெஃப் போன பாதையும் அச்சு அசலாக இதேதான். அந்த வெள்ளிக்கு வேர் ‘வெள்’, வெண்மை. அதே சொல் ஒரு கிரகம், ஒரு கிழமை. கோலாலம்பூரில் ஒருவர் இருபது வெள்ளி எண்ணித் தரும்போது தூய்மையை நினைக்கிறாரா, வெள்ளிக்கிழமையை நினைக்கிறாரா? பல நூற்றாண்டு கழித்து ஒரு அறிஞர் வந்து, தமிழர்கள் பணத்தைப் பரிசுத்தமாகக் கருதினார்கள், அவர்கள் சொல்லே சாட்சி என்று எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

போதகருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், இந்த இணைப்பை அவர் தாமாகப் புனையவில்லை. கெசெஃப் என்ற சொல்லையும் லாபானின் ‘வாஞ்சையையும்’ சேர்த்துத் தியானிப்பது யூத மறைஞான மரபில், குறிப்பாக ஹசிதியர்கள் என்னும் யூத பக்திப் பிரிவினரிடம், உண்டு. ஆனால் அவர்கள் அதைப் பண ஆசைக்குச் சொல்லவில்லை. தேவன்மேல் ஆத்துமா கொள்ளும் அன்பின் ஏக்கத்துக்குச் சொன்னார்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்கான வெள்ளியைப் பற்றி வாசிக்கும்போது அந்த ஏக்கத்தை நினைத்தார்கள். அது தியானம் என்ற அளவில் எனக்குப் பிடித்தமானது. அதையே அந்தச் சொல்லின் வரலாறு என்று மேடையில் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

வேரை நம்புவதைவிடப் புழக்கத்தை நம்ப வேண்டும் என்பதற்கு 1 சாமுவேல் 13:21 நல்ல பாடம். அங்கே ‘பீம்’ என்று ஒரு சொல் வேதாகமத்திலேயே ஒரே ஒரு முறை வருகிறது. பொருள் தெரியாமல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சூழலைப் பார்த்து ஊகித்தார்கள், 1611இன் ஆங்கில வேதாகமம் ‘அரம்’ என்று போட்டது. கொல்லன் வேலையைப் பற்றிய வசனம், அதனால் அரம் பொருத்தமாகத்தான் தெரிந்தது. பிறகு அகழாய்வுகளில் அதே எழுத்துகள் பொறித்த, ஏறத்தாழ 7.8 கிராம் எடையுள்ள சிறு கற்கள் வெளிவந்தன. பீம் என்பது சேக்கலின் மூன்றில் இரண்டு பங்கு எடை, அதாவது கருவியைத் தீட்டித் தர பெலிஸ்தர் வாங்கிய கூலி. எத்தனை வேர் ஆராய்ச்சி செய்தாலும் கிடைக்காத விடையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல் தந்தது.

மாமோன் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அது கெசெஃப் இல்லை, எபிரேய வேதாகமத்தில் அந்தச் சொல்லே வருவதில்லை. பிற்கால எபிரேயத்திலும் அரமேயத்திலும் புழங்கிய சொல் அது, சொத்து, உடைமை, பணமதிப்புள்ள எதுவும் என்று பொருள். சீராக் நூலின் எபிரேயப் பிரதியில் இருக்கிறது, சாக்கடல் சுருள்களில் இருக்கிறது. யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அது சாதாரணச் சட்டச் சொல்: பண வழக்குகளை மூன்று பேர் விசாரிக்க வேண்டும் என்னும் இடத்தில் அந்த வழக்குகளின் பெயரே மாமோன் வழக்குகள். உன் அயலானின் மாமோன் உன்னுடையதைப் போல உனக்கு அருமையாயிருக்கட்டும் என்று ரபி யோசே சொன்னதும் அங்கேதான் இருக்கிறது. பேயின் பெயராக இருந்தால் ஒரு ரபி இப்படிச் சொல்வாரா? மத்தேயு 6:24இல் இயேசு அதை எஜமானின் இடத்தில் நிறுத்திப் பேசுகிறார், அதனால் கேட்பவருக்கு ஓர் ஆள் போலத் தெரிகிறது. அந்த உருவகத்தை நிஜமான பேயாக்கியது பின்வந்த கிறிஸ்தவ மரபு. 1589இல் பீட்டர் பின்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய ஆயர் ஏழு பாவங்களுக்கு ஏழு பேய்களை ஒதுக்கியபோது பேராசைக்கு மாமோனை வைத்தார். சிரியாவில் அப்படி ஒரு தெய்வம் வழிபடப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை. நம் பழைய தமிழ் வேதாகமம் ‘உலகப்பொருள்’ என்றும் கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘செல்வம்’ என்றும் போட்டிருப்பது இரண்டுமே சரியானவை. வேரைப் பற்றிக் கேட்டால், ‘ஆமென்’ என்பதோடு சேர்ந்த நம்பிக்கைப் பொருள், அதாவது நம்பி வைத்தது அல்லது நம்பியிருப்பது, என்பதே பெரும்பாலோர் ஏற்கும் ஊகம். புதைத்து வைத்த பொருளைக் குறிக்கும் ‘மத்மோன்’ என்பதிலிருந்து வந்தது என்ற பழைய கருத்தும் இன்னும் சாகவில்லை. ஆங்கிலத்தின் ‘மணி’ இதிலிருந்து வந்தது என்று இணையத்தில் திரியும் தகவல் மட்டும் நிச்சயமாகத் தவறு. அது ரோமில் நாணயச்சாலை இருந்த ஜூனோ மொனேட்டா கோயிலின் பெயரிலிருந்து வந்தது.

இன்றைய இஸ்ரேலிலும் பணத்துக்கு அன்றாடச் சொல் கெசெஃப்தான், வெள்ளிப் பதக்கத்துக்கும் அதே சொல். ஏடிஎம் ‘கஸ்போமாத்’, இரும்புப் பெட்டகம் ‘கசெஃபெத்’, பாதரசம் ‘கஸ்பீத்’. 1980இல் லிராவை நீக்கிவிட்டு நாணயத்துக்குப் பழைய எடையின் பெயரையே வைத்து சேக்கல் என்றார்கள், பணவீக்கம் அதைத் தின்றதும் 1985இல் ஆயிரம் பழைய சேக்கலுக்கு ஒரு புதிய சேக்கல் கொண்டுவந்தார்கள்.

உங்கள் வகுப்புக்கு என் யோசனை இதுதான். ஏக்கத்தின் வேர் என்ற குறிப்பை விட்டுவிடுங்கள். பண ஆசையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பிரசங்கி 5:10ஐ அப்படியே வாசியுங்கள், அதற்கு வேர்ச்சொல் துணை தேவையில்லை. கெசெஃப் என்ற சொல்லையே எடுக்க விரும்பினால் ஆமோஸ் 8ஐ எடுங்கள். ஒரு சமையல் தராசு, எடை சற்று வித்தியாசமான இரண்டு கற்கள், கொஞ்சம் அரிசி கொண்டுபோய் அந்தத் திருட்டை மேசைமேல் செய்து காட்டுங்கள். வாங்க வந்தவராக வகுப்பில் ஒருவரை நிற்க வையுங்கள், கனமான கல் எது என்று அவருக்கு மட்டும் சொல்லாதீர்கள்.